விமானத்தின் மூக்கு

“இது குண்டு போடுற பிளேனுல்ல?” என்றாள் ஆனந்தமேரி.

பிரிஸ்கில்லா பசை டப்பாவை மூடினாள். ஆன்லைனில் வரவழைத்த பொம்மை விமானப் பெட்டியில் படம் சிறியதாக இருந்தது. எல்லாத் துண்டுகளையும் ஒட்டி முடித்த பிறகுதான் இறக்கைகளுக்கு அடியில் இரண்டு குண்டுகள் தொங்குவது உறைத்தது.

“பெட்ரோல் டேங்க்னு நினைச்சேன், மதினி.”

“நெனப்ப. என் தம்பி பத்திரமா வரணும்னு நேர்ந்துக்கிட்டு, அந்தோணியாருக்கு முன்னால குண்டைக் கொண்டுபோய் வைப்பியா?”

ரொனால்டு மஸ்கட் போய் மூன்று வருடம். பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டது என்று சொல்லியிருந்தான். போன் வரும், நெட் சரியில்லை என்று முகம் மட்டும் வராது.

ஊருக்கு வெளியே இருந்த அந்தோணியார் கோவிலில் பொம்மை விமானம் வைப்பது கொஞ்ச காலமாகப் பழக்கமாகியிருந்தது. இறக்கையில் ஆளின் போட்டோவை ஒட்ட வேண்டும். வெளிநாடு போக வேண்டுமென்றால் விமானத்தின் மூக்கு வாசலைப் பார்க்கும்; திரும்பி வர வேண்டுமென்றால் பீடத்தைப் பார்க்கும். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர் மீதியைப் பார்த்துக்கொள்வார்.

மற்றவர்கள் கடையில் வாங்கி வைத்தார்கள். பிரிஸ்கில்லா தன் கையால் செய்ய நினைத்தாள். வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டைத் திறக்கும்போது, தனக்காக ஏதாவது ஒன்று பாதியில் காத்திருக்க வேண்டும் போலிருந்தது.

நகவெட்டியால் குண்டுகளை வெட்டினாள். இறக்கையில் ஓட்டை விழுந்தது. குழாய் ஒழுக்கை அடைக்கும் பசையைப் பிசைந்து அடைத்தாள். பாரம் தாங்காமல் இறக்கைகள் தொங்கின. ஈர்க்குச்சிகளை முட்டுக் கொடுத்தாள்.

“சக்கரத்தைக் காணோம்? எங்க போயி இறங்கும், இந்தா பக்கத்துல இருக்குற கன்னிவாடி மலையிலயா?”

ரொனால்டின் பழைய சட்டைப் பொத்தான்களைப் பிய்த்துச் சக்கரமாக ஒட்டினாள்.

“ஒத்த சீட்டுதான் இருக்கு. அவனா ஓட்டிட்டு வாரான்?”

பக்கவாட்டில் மார்க்கரால் ஜன்னல்கள் வரைந்தாள். மை பரவியது. அதை மறைக்க வெள்ளை பெயின்ட் பூசினாள். விமானம் உடம்பெல்லாம் கட்டுப் போட்ட கோழி போல ஆனது.

பெயின்ட் காயும்போது போன் வந்தது.

“என்ன பிரிசி, இரைச்சலா இருக்கு?”

“மழை வரப்போகுதுங்க.”

“இங்க மண்டையைப் பொளக்குது வெயிலு,” என்றான் ரொனால்டு.

இடி இடித்தது. போனுக்குள்ளும் இடித்தது. தன் வீட்டு இடியே எதிரொலிக்கிறது என்று நினைத்தாள் பிரிஸ்கில்லா. போனை வைத்த பிறகு அவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். முதலில் சட்டைதான் வந்தது. முகம் வர நேரமாயிற்று. அதற்குப் பயந்தே போட்டோவைத் தேடி எடுத்து இடது இறக்கையில் ஒட்டினாள்.

விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. வலது இறக்கையில் தன் போட்டோவை ஒட்டிச் சரிசெய்தாள்.

“நீயும் எங்கயாச்சும் போறியா?”

“பாரத்துக்கு, மதினி.”

செவ்வாய்க்கிழமை, நாகல் நகரிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஒரு பொத்தான் கழன்று விழுந்தது. இறங்கும்போது ஒரு ஈர்க்குச்சி ஒடிந்தது.

பீடத்தின் முன் இடமில்லை. வாசலைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் விமானம் நின்றது. அதன் போட்டோ வெயிலில் சுருண்டு முகம் தெரியவில்லை. யார் வீட்டு ஆளோ கிளம்பத் துடிக்கிறான். அங்கேயும் ஒருத்தி இனிமேல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகவும் ஒரு மன்றாட்டு சொல்லி, அந்த விமானத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தன்னுடையதைப் பீடத்தைப் பார்த்து வைத்தாள். இரண்டு இறக்கைகளும் உரசிக்கொண்டன.

உருகிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்த மெழுகுவத்திக் கடைக்காரி முத்துப்பேச்சி நிமிர்ந்தாள்.

“என்ன வேண்டுதல், தாயி?”

“வீட்டுக்காரரு மஸ்கட்ல மாட்டிக்கிட்டாரு. திரும்பி வரணும்.”

முத்துப்பேச்சி குனிந்து, கண்ணைச் சுருக்கி இடது இறக்கையைப் பார்த்தாள்.

“இந்தத் தம்பியா? கன்னிவாடியில தென்னந்தோப்புக்குக் காவல் இருந்துக்கிட்டு, வீட்டுல எந்த மூஞ்சியோட போயி நிக்கன்னு, மறுபடி மஸ்கட்டுக்கே போயிரணும்னு ஆறு மாசமா செவ்வா தவறாம வாராரு. இந்தா, நீ இப்பத் தள்ளி வச்சியே, அந்தப் பிளேனு அவரு வச்சதுதான்.”