நிறஞானியும் இரண்டு மூடிகளும்

நிறஞானி எங்கள் தெருவுக்குக் குடிவந்து ஒரு மாதம்தான். அதற்குள் தெருவையே அடையாளம் தெரியவில்லை! மருந்துக்கடைக்காரர் அவர் சொல்படி கடைக்கு ஊதா அடித்தார். இருமல் மருந்து பறக்கிறதாம். (மழைக்காலம் என்று அவரிடம் யார் சொல்வது?) ஓய்வுபெற்ற வாத்தியார் தன் ஃபிரிட்ஜுக்கே பச்சை அடித்துவிட்டார். மூடிய பெயின்ட் டப்பாவின் மேல் கையை நீட்டினால் போதும், உள்ளிருக்கும் நிறத்தின் ‘அலை’யை ஞானி படித்துவிடுவாராம். கெட்ட அலையா? கவலை வேண்டாம். நல்ல அலையுள்ள டப்பா அவரிடமே விலைக்குக் கிடைக்கும். என்னே கருணை!

எதிர்வீட்டுத் தையல்கார அக்காவுக்கு முதன்முதலாக ஒரு தனி அறை. சுவரில் மஞ்சளும் அடர்நீலமும் பக்கத்துப் பக்கத்தில் அடித்துப் பார்த்து, நீலத்தில் மனசைப் பறிகொடுத்திருந்தார். கணவரோ ஞானியிடம் ஓடிக் கேட்டுவிட்டு வந்தார்.

“நீலம்னா நூல் அறுந்துக்கிட்டே இருக்குமாம், தொழில் படுத்துடுமாம். மஞ்சள்தான்!”

“பொறந்த வீட்டுல அப்பா சொன்ன கலரு. இங்க இருபது வருஷமா நீங்க சொன்ன கலரு. இந்த ஒரு ரூமாவது என் இஷ்டத்துக்கு விடுங்களேன்.” அக்காவின் கண் கலங்கிவிட்டது.

அறைக்கு அடிக்க வந்திருந்த பெயின்டர் அண்ணன் சொன்னார்: “எதுக்குச் சண்டை? அவரையே கூட்டிட்டு வாங்க. டப்பாவைப் படிக்கட்டும்.”

உள்ளே என்ன நிறம் என்று தெரிய, பெயின்டர்கள் மூடிமேல் அதே நிறத்தை ஒரு தீற்று தீற்றி வைப்பது வழக்கம். அப்படி இரண்டு டப்பாக்கள் காத்திருந்தன. ஞானி வந்தார். பின்னாலேயே பாதித் தெரு.

மஞ்சள் தீற்றிய மூடிமேல் கை நீண்டது. “ஆஹா! சிரிப்புச் சத்தம் கேக்குது!”

நீலம் தீற்றிய மூடிக்குப் போனதும் தேள் கொட்டியதுபோல் கையை உதறினார். “ஐயோ, ஒரே அழுகை! மூடுங்க, மூடுங்க!”

“மூடித்தான் இருக்கு சாமி” என்ற அண்ணன், இரண்டையும் நெம்பித் திறந்தார்.

மஞ்சள் மூடிக்கு அடியில் நீலம். நீல மூடிக்கு அடியில் மஞ்சள்!

“காலையிலதான் மூடியை மாத்திப் போட்டேன்.”

“அது... அலை... மூடி வழியா...”

“மூடியைத்தான் படிக்கிறீங்களா? அதை நானே படிப்பேனே!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியார்தான் அதிகம் சிரித்தார். ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்ததும் கப்சிப். ஞானி பின்வாங்கி, அண்ணன் நீலம் ஊற்றிய தட்டில் காலை விட்டு, தன் வீட்டு வாசல்வரை நீலக் காலடி பதித்துக்கொண்டே ஓடினார். கணவர் அசடு வழிந்தபடி ரோலரை அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை நீலத்தில் முக்கினார். அப்போது சிரித்தார் பாருங்கள், தெருமுனைவரை கேட்டது! சிரிப்புச் சத்தம் கேட்பதாக ஞானி சொன்ன டப்பா இதுதானே, அவர் வாக்கு அந்த ஒன்றில் பலித்துவிட்டது.

டப்பாவைத் திறந்து பார்த்தாயிற்று. கழுத்துக்கு மேலே இருப்பதையும் ஒருமுறை திறந்து பாருங்களேன், மொத்தமாகக் காய்ந்து போவதற்குள்!