தேர்வடம் எட்டும் தூரம்

உ

தாழையடிக்குளம்
கொல்லம் 1129-ம் ஆண்டு வைகாசி 14

சுசீந்திரம் பலசரக்கு வியாபாரம் மகா-ள-ள-ஸ்ரீ பொன்னுலிங்கம் அவர்கள் சமூகத்துக்கு, சம்பந்தி ஆகப்போகும் பஞ்சாயத்து மெம்பர் நாராயணபெருமாள் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் வீட்டுக்காரி சொர்ணம்மாளும் பெண் தாணம்மாளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம்; மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அவ்விடம் நீங்களும் வீட்டம்மாளும் மாப்பிள்ளை கிருஷ்ணமணியும் சுகமாக இருக்க அம்மன் துணை.

வருகிற புதன்கிழமை எங்கள் வீட்டில் வைத்திருக்கும் நிச்சயதாம்பூலத்தை ஆனி மாதத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். இதை வாசித்தவுடன் பெண்ணிடம் ஏதோ குறை என்று நினைத்துவிடாதீர்கள். குறை முழுவதும் என்னிடம். எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு அம்மன் தேர் மூன்று நாளாக நிற்கிறது. தேர் நிலைக்குப் போய்ச் சேராமல் அந்தத் தெருவில் நல்ல காரியம் செய்யும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. தேரை அங்கே நிறுத்தியவன் நான்.

போன வருஷத் தேரோட்டத்தில் வடம் பிடித்தவர்களின் காலடியிலேயே கடைக்காரர்களின் கூடைகள் இருந்தன. வெள்ளரிக்காய்த் தோலில் வழுக்கி ஒருவர் விழுந்து கை முறிந்தது. சக்கரம் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் மெம்பரானதும் முதல் வேலையாக, தேருக்கு அருகில் யாரும் கடை விரிக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். அருகில் என்றால் எத்தனை அடி என்று கேட்டார்கள். இருபது என்றார் ஒருவர், நூறு என்றார் ஒருவர், அளவுகோலை யார் தூக்கிக்கொண்டு அலைவது என்றார் தலைவர். எங்கள் ஊரில் வயல்வரப்பு முதல் கல்யாணப் பந்தல் வரை தேர்வடத்தைச் சொல்லித்தான் நீளம் பேசுவோம். ஆகவே, ‘தேருக்கு முன்னும் பின்னும் வடம் எட்டும் தூரத்துக்குள் எவரும் கூடை இறக்கக் கூடாது’ என்று என் கையாலேயே எழுதினேன், எல்லாரும் கை தூக்கினார்கள். தேர் நகரும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறந்தது முதல் அதை இழுத்தவர்கள் நாங்கள்.

தேரன்று தாகத்துக்குக் குடிக்கச் சுக்குவெள்ளம் விற்கும் செல்லத்தாய், வடத்தின் நுனிக்கு ஒரு சாண் வெளியே பானையை இறக்கினாள். அவளைப் பார்த்து நுங்கு, முறுக்கு, வளையல் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. தேர் பத்தடி வந்தது. பஞ்சாயத்துக் காவலாளி கம்பை நீட்டினான், அத்தனை பேரும் எழுந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தார்கள். மறுபடி தேர், மறுபடி எழும்பல். நான் தலைப்பாகை அவிழ ஓடினேன்.

“ஏம்மா செல்லத்தாய், தேருக்கு முன்னால நீயும் ஊர்வலம் போறியா?”

“மெம்பர் அண்ணாச்சி, வடத்துக்கு அந்தால நிக்கச் சொன்னியளே, நிக்கேன். தேரு எனக்கப் பொறத்தால வந்தா நான் என்ன செய்யட்டு?”

வந்த கோபத்தில், கண்ணில் படாத தூரத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள். வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. வடத்தை முன்னால் பிடித்தவன் ஒரு வாய் சுக்குவெள்ளம் தேடிப் போனான், அவன் இடத்துக்கு வந்தவனும் போனான், நான் திரும்பிப் பார்த்தால் முந்நூறு பேர் பிடித்த வடம் தரையில் கிடக்கிறது, தேர் எங்கள் வாசலில் நிற்கிறது, பூசை செய்யும் போற்றி மட்டும் மேலே தனியாக உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்.

வடம் பிடிக்கிறவர்களின் தலைவர் முத்துநாயகத்தின் வீட்டுக்கு நானே நடந்தேன். “நாக்கு வறள இழுக்கதுக்கு நாங்க என்ன மாடா? கடை வரட்டு, நாங்களும் வாறோம்” என்றார். தீர்மானத்தை ரத்து செய்யலாம்தான். அதற்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த விதியையும் நானேதான் எழுதினேன். சொர்ணம்மாள் என்னோடு பேசுவதில்லை, புறவாசல் வழியாகப் போய்வருகிறாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. தாணம்மாளுக்கு முன்பு வந்த இரண்டு வரன்கள் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போயின. ஒன்று பல்லி, மற்றது தும்மல். இது தேர். நீங்களும் அப்படி நினைத்துவிடுவீர்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசு மாறாமல் ஆனியில் ஒரு நல்ல நாள் குறித்து எழுத வேண்டுகிறேன்.

வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. உங்கள் பத்தாயத்தில் நெல் நிறையட்டும். உங்கள் வாசலில் எந்தத் தேரும் நிற்காமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
நாராயணபெருமாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடி எழும்பினால் வெளியே ஒரே கூச்சல். தாணம்மாள் செல்லத்தாயைக் கூட்டிவந்து, எங்கள் அடுப்பிலேயே நாலு பானை சுக்குவெள்ளம் காய்ச்சி, தேர்ச்சக்கரத்துக்குப் பக்கத்தில் பலகை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறாள். “சும்மா குடுத்தா என்னட்டி?” என்றேன். “சும்மா குடுத்தா செல்லத்தாயக்காவுக்கு என்ன கிடைக்கும்ப்பா? தேருக்கு வித்தாத்தானே அவியளுக்கு அடுப்பு எரியும்?” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. குடித்தவர்கள் வடத்தைப் பிடித்தார்கள், தேர் நகர்ந்து நிலைக்குப் போய்விட்டது. காவலாளி வந்து, விற்றவள் தாணம்மாள் என்று வழக்கு எழுதினான். வாங்குகிறவர் மேலும் வழக்கு உண்டு என்று தீர்மானத்தில் கடைசி வரி ஒன்று இருக்கிறது. முதல் தம்ளர் வாங்கியவர், தேர் நிற்கிற சேதி கேட்டுச் சைக்கிளில் வந்த உங்கள் மகன் கிருஷ்ணமணி. குடித்துவிட்டு வடத்தின் தலைப்பில் போய் நின்றவரும் அவர்தான். ஆகவே மேலே எழுதியது எதையும் மனசில் வைக்க வேண்டாம், புதன்கிழமையே வாருங்கள். நிச்சய ஓலை எழுதுவதில் மட்டும் நாம் கொஞ்சம் பிந்திவிட்டோம்: இரண்டு பேரின் பெயரையும் காவலாளி ஒரே தாளில் எழுதிவிட்டான், அடியில் மெம்பர் என்ற முறையில் நான் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.