பின்னாலேயே வந்த சம்பல்

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, என் மகள் உயிரோடு இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். அதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. (நான் கணித ஆசிரியர். நிரூபிக்காமல் எதையும் நம்பாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.) நடந்து ஒரு மாதம் ஆகிறது. இதை எழுதும்போதுகூட இரண்டு தடவை எழுந்துபோய், லீவுக்கு வந்திருக்கும் யாழினி அறையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

என் மனைவி வளர்மதி, மலைமேல் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அதனால் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். ஒரே மகள் யாழினி மலைக்குக் கீழே கம்பாரில் வாடகை அறையில் தங்கிப் படிக்கிறாள். போனில் எங்களுக்குள் பேச்சு நீளாது. 'சாப்டியா?' 'ஆமா பா.' அத்தோடு தீர்ந்துவிடும். மற்றதையெல்லாம் விளையாட்டுக்குள் பேசிக்கொள்வோம்.

நான் வாலிபனாக இருந்தபோது சைபர் கஃபேயில் பழியாகக் கிடந்து ஆடிய விளையாட்டு அது. ஊர் ஊராக நடந்து பூதங்களை வெட்ட வேண்டும். இந்த வருஷம் அதை மறுபடி வெளியிட்டார்கள். அதே காடு, அதே ஏரி, அதே பூதங்கள். கூடவே புது வசதிகள்: வழி காட்டும் அம்புக்குறி, தானாக நடக்கும் கால்கள், இன்னும் என்னென்னவோ. முழுவதையும் நான் படிக்கவில்லை. 'எதுவும் வேண்டாம்' என்ற பொத்தானை வீராவேசமாக அழுத்தினேன்.

"அம்புக்குறியாவது வச்சுக்கோங்க லா பா. நேத்து ஒரே மரத்தையே சுத்திச் சுத்தி வந்தீங்க."

"அப்படிச் சுத்தினாத்தான் காடு மனசுல நிக்கும்."

"உங்களுக்கு அந்த மரம்கூட நிக்கலையே பா!"

விளையாட்டில் என் பெயர் மலைவேந்தன். இரும்புச் சட்டை, ஆளுயர வாள். யாழினி காயத்துக்கு மருந்து போடும் மருத்துவச்சி. அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் சம்பல், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்ச் சம்பல்தான்.

அன்று சனிக்கிழமை. யாழினி கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதாக இருந்தது. "கிளம்பிட்டேன் பா" என்று மத்தியானம் போன் செய்தாள். தாப்பாவிலிருந்து மலையேறும் பாதையில் காலையிலிருந்தே மழை. வந்து சேர வேண்டிய நேரம் தாண்டியது; ஆளைக் காணோம். போனும் கிடைக்கவில்லை. மனதை மாற்றலாம் என்று விளையாட்டைத் திறந்தேன்.

ஏரிக்கரையில் சம்பல் நின்றுகொண்டிருந்தாள்.

அப்பாடா என்றிருந்தது. மழையைப் பார்த்துவிட்டு அறைக்கே திரும்பியிருக்கிறாள். 'எங்கம்மா இருக்க?' என்று எழுதினேன்.

'பின்னாடியே இருக்கேன் பா' என்று பதில் வந்தது.

"வளரு, பிள்ள ரூம்லதான் இருக்கா. விளையாடிக்கிட்டு இருக்கா!"

வளர்மதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரூம்லயா? தாப்பாவுல காடிக்கு எண்ணெய் போட்டுட்டு எனக்குப் போன் அடிச்சாளேங்க. மேல ஏறப்போறேன், இனிமே லைன் கிடைக்காதுன்னா. காடி ஓட்டுற பிள்ள எப்படி விளையாடும்?"

"அப்ப இங்க நிக்கிறது யாரு?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு பத்து.

மலைவேந்தனை மெதுவாக நடக்க வைத்தேன். இரண்டடி பின்னால் சம்பலும் நடந்தாள். நின்றேன். நின்றாள். திடீரெனக் குனிந்து, எதையோ தொலைத்தவள்போல் ஈரத்தரையைத் தடவினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி தடவினாள்.

'சாப்டியாம்மா?'

'பின்னாடியே இருக்கேன் பா.'

'யாழினி, அப்பாவுக்குப் பயமா இருக்கு.'

'பின்னாடியே இருக்கேன் பா.'

'நீ யாரு?'

'பின்னாடியே இருக்கேன் பா.'

(இப்போதெல்லாம் நான் குளியலறைக்குப் போனாலும், இந்த வசனத்தை வளர்மதி வெளியிலிருந்து இழுத்து இழுத்துச் சொல்கிறாள்.)

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை பள்ளத்தில் விழுந்துவிட்டாள். கடைசியாக அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறாள். எனக்கு அப்படித்தான் தோன்றியது. மழைக்கோட்டை மாட்டி, டார்ச்சையும் குடையையும் எடுத்தேன்.

"எங்கங்க போறீங்க?"

"ரோட்டுக்கு. பிள்ள பேயா வந்து நிக்கிறா."

"மலையில லைன் இல்லன்னா பேயா? படிச்ச மனுஷன் மாதிரியா பேசுறீங்க?" திட்டிக்கொண்டே வாசல் வரை வந்தாள். அவள் கையிலிருந்த போன் மகளின் நம்பரை விடாமல் அழைத்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

வெளியே பனிமூட்டம் தேயிலைச் செடிகளை விழுங்கியிருந்தது. டார்ச் வெளிச்சம் என் செருப்பைத் தாண்டவில்லை. தடுமாறித் தடுமாறி மெயின் ரோட்டு முனைக்குப் போனேன். ஒரு வண்டிகூட இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், குரல் நாலடி போய்க் கரைந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துவந்து கீழே இறங்கித் தேடலாம் என்று வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

பாதி வழியில், பின்னால் மங்கலாக இரண்டு மஞ்சள் கண்கள்.

வேகமாக நடந்தேன். அவையும் வேகமாக வந்தன. நின்றேன். நின்றன. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் கால்வாய். ஒதுங்க இடமில்லை. நடந்தேன், நகர்ந்தன. சட்டென்று அது பெருங்குரலில் ஊளையிட்டது. ஓடினேன். ஒரு செருப்பு கால்வாயில் போனது. இனி ஓட மூச்சில்லை என்றானதும், திரும்பி நின்று மலைவேந்தன் வாளை ஓங்குவதுபோல் குடையை ஓங்கினேன். குடை படாரென்று விரிந்தது.

கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. நடுங்கும் குரலில் ஒரு பெண் பேசினாள்.

"அண்ணே, தயவுசெஞ்சு வழி விடுங்கண்ணே. எங்க அப்பா காத்துக்கிட்டு இருப்பாரு."

குடையை இறக்கினேன். டார்ச்சை என் முகத்துக்கே பிடித்தேன்.

"ஐயோ, அப்பாவா! நான் யாரோ தண்ணி போட்டவர்னு நெனச்சு, கதவையெல்லாம் பூட்டிட்டேன் பா!"

கதவைத் திறந்து என்னை உள்ளே இழுத்தாள். அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. பிடித்த கையை விடாமல் சம்பலைப் பற்றிக் கேட்டேன்.

"அது புது வசதி பா. கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுட்டு வந்தேன். நான் இல்லன்னாலும் அது உங்க கூடவே நடக்கும், மூலிகை பறிக்கும். யாரு என்ன கேட்டாலும் நான் எழுதி வச்சதைச் சொல்லும். நீங்கதான் அம்புக்குறி வேணாம்னுட்டீங்களே, காட்டுல தனியா தொலைஞ்சு போயிருவீங்கன்னு பயம். இங்க ரோட்டுல மரம் விழுந்து லேட்டாயிருச்சு."

"சரி, ஹார்ன் அடிக்க வேண்டியதுதானே?"

"அடிச்சேனே! நீங்கதான் ஓடுனீங்க. வேற என்ன செய்யறது? பின்னாடியே வந்தேன் பா."