முதல் பஸ்ஸை முந்தியவர்

எல்லாரும் சௌக்கியம்தானே? மழைக்கு இருமல், முழங்கால் குடைச்சல் ஒன்றும் இல்லையே? குடைச்சல் இருந்தாலும் பாதகமில்லை, காலை நீட்டிக்கொண்டு உட்காருங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றாம் வருஷம் மட்டாஞ்சேரி நீலகண்டன் ஓடத் தொடங்கிய கதையைக் கேட்டால், உங்கள் முழங்கால் எவ்வளவோ தேவலை என்று தோன்றிவிடும்.

நீலகண்டனின் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. ஐப்பசி மழையில் ஓடிவிட்டு வந்தவர் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் குலுங்கியது.

"காமாக்ஷி, இனிமே எத்தனை நிமிஷத்துல ஓடினேன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"ஓடாம இருந்தா தெரிஞ்சுக்கவே வேண்டாமே," என்றாள் மனைவி, அவருடைய ஈரப் பனியனைப் பிழிந்துகொண்டே.

ஓடாமல் எப்படி? மிளகுக் கிடங்கில் எடை எழுதும் குமாஸ்தாவாகப் பதினாலு வருஷம் தும்மிக்கொண்டிருந்தவர் அவர். மலைக்குப் போய், தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி மிளகு வாங்கிவரும் வேலை ஒன்று காலியாக இருந்தது. தும்மலே இல்லாத, நல்ல காற்றுள்ள வேலை. அதைக் கேட்டுப் போனபோது மேனேஜர் வாஞ்சிநாதன் சிரித்துவிட்டார்.

"மாடிப்படி ஏறினாலே உனக்கு எறைக்கறது. நீ மலை ஏறப் போறயா? வாயனசாலைக்காரா, அதான் நம்ம லைப்ரரிக்காரா, ஓணத்துக்கு ஓட்டப்பந்தயம் நடத்தறாளே, மட்டாஞ்சேரிலேர்ந்து ஆலுவா வரைக்கும். அடுத்த ஓணத்துக்கு அதை முழுக்க ஓடிக் காமி. வேலை உனக்காக்கும்."

இருபத்தைந்து கிலோமீட்டர். கையில் ஒரு வருஷம்.

கடிகாரம் போனால் என்ன? காலை ஆறு பத்துக்கு ஆலுவாவுக்குக் கிளம்பும் முதல் பஸ் இருந்தது. கண்டக்டர் மணி அடித்ததும் இவரும் கிளம்புவார். தோப்பும்படிப் பாலம்தான் எல்லை. பஸ் எந்த இடத்தில் தம்மைத் தாண்டுகிறது என்று வீட்டுக்கு வந்து காலண்டரில் குறித்துவைப்பார்.

முதல் நாள் முதல் வளைவிலேயே தாண்டிவிட்டது. கண்டக்டர் அய்யாசாமி படியில் தொங்கிக்கொண்டு விசில் ஊதினார், கையை வீசினார். ஜன்னல்களில் பத்துத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"வேகம் சாமி! வேகம், வேகம்!"

நீலகண்டனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓடிக்கொண்டே இரண்டு கையையும் குவித்து ஒரு கும்பிடு போட்டார்.

"கேட்டயா காமாக்ஷி, ஊரே எனக்காகக் கத்தறது!"

"கத்தட்டும். அந்தச் சாயாவைக் குடிச்சுட்டுக் கிடங்குக்குப் போங்கோ."

கார்த்திகையில் இரண்டாவது ஸ்டாப் வரை பஸ்ஸுக்கு ஈடுகொடுத்தார். இன்னும் வேகம் வேண்டும் என்று கேன்வாஸ் ஷூ வாங்கினார். கடையில் ஒன்பதாம் நம்பர்தான் இருந்தது, இவர் காலோ ஏழு. முன்னால் பஞ்சை அடைத்துக்கொண்டு ஓடியதில் இரண்டு குதிகாலும் கொப்பளித்தன. கொப்பளத்துக்காக வெறுங்காலோடு ஓடினார், மீன்முள் ஏறியது. முள் எடுத்த காலுக்குக் காமாக்ஷி, குழம்பு என்கிற மூலிகைத் தைலத்தைத் தடவிவிட்டாள். அந்த வழுக்கலில் ரேஷன் கடை வாசலில் சறுக்கி, வரிசையில் நின்ற மாயம்மாளின் மண்ணெண்ணெய் டின்னில் போய் முட்டிக்கொண்டார்.

"கண்ணு எங்க வச்சிருக்கீங்க சாமி?" என்று அந்த அம்மாள் கத்தியது கடைத்தெரு முழுக்கக் கேட்டது.

ஆனால் ஓர் அதிசயம். அன்றைக்கு நொண்டிக்கொண்டே ஓடியும், நாலாவது ஸ்டாப் வரை பஸ்ஸால் அவரைத் தாண்ட முடியவில்லை!

"நொண்டியும் வேகம் கூடியிருக்கு, பாத்தயா!"

"அப்போ இன்னொரு காலையும் ஒடச்சிண்டா பஸ்ஸை ஜெயிச்சுடலாமோல்லியோ?"

ஆடி மாதம் பிறந்தது. மலையாளத்தார் கர்க்கடகம் என்று மருந்துக் கஞ்சி குடிக்கிற மாதம். நாடி பார்த்த வைத்தியர், ஓடின உடம்பு நொந்துகிடக்கிறது, மாதம் முடிகிறவரை எண்ணெய், கஞ்சி, படுக்கை, வேறு ஒன்றும் கூடாது என்று சொல்லிவிட்டார். வருஷம் பூராவும் சேர்த்த வேகமெல்லாம் போய்விடும் என்று நீலகண்டன் படுத்தபடியே தவித்தார்.

எழுந்து ஓடின முதல் நாள், வயிறு குலுங்கக் குலுங்கப் பாலத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தார். பஸ்ஸையே காணோம்!

"காமாக்ஷி, ரகசியம் புரிஞ்சுடுத்து! ஓட்டத்துக்கு மருந்து விச்ராந்திதான். ஓட ஓட ஷீணம், படுக்கப் படுக்க வேகம்!"

அதன் பிறகு வாரம் ஒரு நாள்தான் ஓட்டம். மற்ற நாளெல்லாம் இலையடை, நேந்திரங்காய் வறுவல், மத்தியானத் தூக்கம். அப்படியும் பஸ் தோற்றது. கடைசி வாரம் பாதி வழி நடந்தே போனார், அப்போதும் பஸ் தோற்றது.

கிடங்கு முழுக்க இதே பேச்சு. வாஞ்சிநாதனே வந்து முதுகில் தட்டினார்.

"பஸ்ஸை முந்தறவனுக்கு மலை எம்மாத்திரம்? உனக்குக் கம்பிளி வாங்கி வச்சாச்சு. அடுத்த வாரம் நீ வரேன்னு மலைக்கும் எழுதிட்டேன்."

பந்தய நாள் வந்தது. முப்பது பேர் ஓடினார்கள். அவர்கள் பாலத்தைத் தாண்டுகிறவரை போலீஸ்காரர் முதல் பஸ்ஸைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தார். தோப்பும்படிப் பாலம் வருவதற்குள் இருபத்தொன்பது பேரின் முதுகும் நீலகண்டனுக்குத் தெரிந்தது. பாலத்தைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் அந்த முதுகுகளும் தெரியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

பின்னாலேயே பஸ் வந்து நின்றது. ஜன்னலோரத்தில் வாஞ்சிநாதன். ஆலுவாவில் போடுவதற்கென்று வாங்கிய ரோஜா மாலை அவர் மடியில் இருந்தது.

"நீலகண்டா! பஸ்ஸையே முந்தறவன்னு சொன்னயேடா!"

"இன்னிக்கு என்னமோ... பஸ்... ரொம்ப வேகமா வந்துடுத்து சார்."

"அந்தக் கம்பிளியை ஆத்துல போத்திண்டு தூங்கு," என்று வாஞ்சிநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அய்யாசாமி குதித்து இறங்கி, நீலகண்டனின் கையைப் பிடித்து மெதுவாகப் படியில் ஏற்றினார். அய்யாசாமியின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அப்பாடா, ஒரு வழியா ஏறினீங்களே சாமி! தினம் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே பின்னால ஓடி வந்தீங்க, பாவம் தோணி நாங்களும் மாசத்துக்கு மாசம் மெல்ல மெல்லத்தான் ஓட்டினோம்; கர்க்கடகம் பூரா ஆளைக் காணாம பயந்துபோயி, திரும்பி வந்த நாள்லேர்ந்து நீங்க ஏறட்டும்னு பஸ்ஸை அடுத்த ஸ்டாப்புல நிறுத்தியே வச்சிருந்தோம், நீங்கதான் திரும்பிக்கூடப் பாக்காம தாண்டித் தாண்டிப் போயிட்டீங்க!"

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது ஓடியிருப்பார்களே? யாரை முந்தினார்கள், எப்படி முந்தினார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.