அக்காளின் பிஸ்கட் டப்பா

என் அக்காளைக் கிட்டத்தட்டச் சாகடித்தவன் நான். அதற்குப் பயன்பட்ட ஆயுதம், பி.எஸ்ஸி. வேதியியலில் நான் வாங்கிய முதல் வகுப்பு.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடி உப்பளம் ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். அத்தான் சரக்குத் தோணியில் கிளம்பினால் திரும்ப மாதக்கணக்காகும் என்பதால் சொர்ணம் அக்காள் எங்கள் வீட்டில் இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை ஆஸ்பத்திரி கொடுத்தது. பத்தியம் என் கைங்கரியம். (உப்பைத் தரம் பார்க்கிறவனுக்கு அக்காளைத் தரம் பார்க்கத் தெரியாதா?) மூன்று வருஷம் மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது என்று நிறுத்திவிட்டேன்.

தினமும் காலையில் அவள் சிறுநீரை நீலக் கரைசலில் விட்டுச் சூடாக்குவேன். செங்கல் நிறமானால் சர்க்கரை. நீலம் நீலமாகவே நின்றது. ஆனால் அக்காள் ஊதிக்கொண்டே போனாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். குரல் கரகரத்தது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தினாள். செருப்பு கழன்றது தெரியாமல் தெருக்கோடி வரை நடந்தாள்.

எனக்கு ஒரே விளக்கம்தான் தோன்றியது: திருட்டுத்தனமாகத் தின்கிறாள், அகப்படாமலிருக்கச் சிறுநீரில் தண்ணீர் கலக்கிறாள். உப்பளத்து நீரின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடி மிதவையைக் கொண்டுவந்து அதில் மிதக்கவிட்டேன். (கழுவித்தான் திருப்பி வைத்தேன், சத்தியமாக.) கடல் தண்ணீரைவிட லேசாக இருந்தது. (யார் சிறுநீரும் அப்படித்தான் இருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.) குற்றம் உறுதியாயிற்று.

"ஏக்கா, தண்ணி ஊத்துனியா?"

"நான் எதுக்குலே ஊத்துதேன்? எனக்குக் குளிருதுலே."

கட்டிலுக்கடியில் அவள் ஒரு பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைப்பதையும் பார்த்துவிட்டேன். சரியான நேரத்துக்குக் காத்திருந்தேன்.

அத்தான் ஊர் திரும்பினார். அவளைப் பார்த்துப் பதறி, டாக்டரை வீட்டுக்கே கூட்டி வந்தார்.

"ஏ மாப்ள, இவளை நல்லாத்தான விட்டுட்டுப் போனேன்? ஆளு அடையாளமே தெரியலியே!"

"எல்லாம் அவ திங்கிற தீனி அத்தான். இந்தா, காட்டுதேன்" என்று குனிந்து டப்பாவை இழுத்தேன். அக்காள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்லே தம்பி. அது மட்டும் வேண்டாம்லே."

அந்தக் கெஞ்சலே எனக்குச் சாட்சியாகப் பட்டது. பிடுங்கித் திறந்தேன்.

உள்ளே முழுக்க முடி. சீப்பில் உதிர்ந்து வந்த அவள் தலைமுடி, சுருட்டிச் சுருட்டி அடைத்திருந்தது.

அக்காள் அத்தானைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க வாரதுக்குள்ள சவுரி கட்டிரலாம்னு வச்சிருந்தேன்."

டாக்டர் அவள் முகத்தை அழுத்திப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே தட்டிப் பார்த்தார். "தைராய்டு மாதிரி இருக்கு. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பணும். காலு மரத்துக் கிடக்கது பி-12 சத்து இல்லாம இருக்கும். மீனு, முட்டை, பாலு ஒண்ணும் குடுக்கலியா?"

"சர்க்கரை இருக்குல்லா சார்..."

"சர்க்கரை இருந்தா வேற வியாதி வரப்படாதுன்னு சட்டமாய்யா?"

மாத்திரையிலும் ஊசியிலும் அக்காள் மெல்ல மீண்டாள். குரல் திரும்பியது. பாதத்து உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. என்மேல் அவள் கோபப்படவே இல்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தாள். எதைத் தின்றாலும், மாத்திரையே ஆனாலும், வாயில் போடுமுன் என் எதிரே உள்ளங்கையை விரிப்பாள்.

"பாத்துக்கோலே. மாத்திரைதான்."

வீடே சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

அவள் போய்ப் பல வருஷமாயிற்று. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு முறுக்கை எடுத்தால்கூட, கையை என் முன்னால் நீட்டுகிறார்கள். நான் குனிந்து பார்த்துத் தலையாட்டினால்தான் தின்பார்கள், அதுதான் வேடிக்கை. பாதிப் பேருக்குக் காரணம் தெரியாது. நான் ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிடுகிறேன்.