எட்டு உடாகாவும் ஒரு கொழுந்தியாளும்

இந்த வருஷம் என் மனைவியின் சொந்தக்காரர் ஒருவர்கூட என் வீட்டு முன்னறையில் படுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். உறுதியான முடிவு. அதை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, என் மனைவியிடம் சொல்லவில்லை.

சொல்லவும் முடியாது. எங்கள் ஜனத்தில் மனைவி வீட்டார் வந்தால் "வராதே" என்று சொல்வதற்கு வார்த்தையே கிடையாது. சொன்னால் மறுநாளே அவளுடைய தாய்மாமன் பஸ் ஏறிவிடுவார். எங்கள் கல்யாணத்துக்குப் பொறுப்பேற்ற அங்கோஸ்வே அவர்தான். குழம்பில் உப்பு கூடினாலும் அவர்தான் வந்து உட்கார்ந்து நியாயம் சொல்ல வேண்டும்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. ஒரு நாள் என் மனைவி எனிஃபா முன்னறையைப் பெருக்கிக்கொண்டே, "பிலிரானி தையல் படிக்க இங்க லிலாங்வேக்கு வர்றா. ஒரு வருஷமாம்" என்றாள்.

பிலிரானி அவள் தங்கை, ஏரிக்கரைக்காரி. மச்சானைக் கேலி செய்யக் கொழுந்தியாளுக்கு முழு உரிமை உண்டு. பிலிரானி அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை. போன தடவை இரண்டு வாரம் வந்திருந்தபோது, என்னோடு வேலை செய்பவர்களிடம் தன்னை என் மூத்த தாரம் என்று அறிமுகம் செய்துகொண்டாள். இரண்டு வாரத்துக்கே இப்படி. ஒரு வருஷம் என்றால்?

நான் எதுவும் கேட்கவில்லை. பெருக்கின துடைப்பத்தைப் பார்த்தேன். அது போன இடத்தைப் பார்த்தேன். கட்டில் போட அளவெடுக்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

நான் வேலை பார்ப்பது மீன் ஏற்றுமதிக் கொட்டகையில். ஏரியில் பிடித்த வண்ண மீன்களைப் பையில் போட்டு, காற்றடைத்து, விமானத்துக்கு அனுப்புவோம். பன்னிரண்டு வருஷ அனுபவம். அங்கே ஐந்தடி நீளத்தில் ஒரு பழைய கண்ணாடித் தொட்டியைக் கழித்துக்கட்டினார்கள். ஐந்தடி! ஒரு ஆள் படுக்கிற இடம். தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்து, துடைப்பம் போன அதே சுவரோரத்தில் நிறுத்தினேன்.

"இது என்ன, தமாண்டா அப்பா? குளிக்கிற தொட்டியா?" என்றாள் எனிஃபா.

"மீன் தொட்டி."

"நல்லது. எத்தனை நாளைக்குக் குழம்பு வரும்?"

"இது திங்கிற மீன் இல்லடி. பாக்குற மீன்."

"பாத்தா வயிறு நிறையுமா?"

"மனசு நிறையும்."

"சரி. அப்ப இன்னிக்கு ன்சிமாக் களி மட்டும் கிண்டிடுறேன். தொட்டுக்கத் தொட்டியைப் பாத்துக்குங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. ஜெயிக்கப் போகிறவன் கோபப்படமாட்டான். விளக்கினேன். "கூட்டமா நீந்துற மீனாப் பாத்து எடுத்திருக்கேன். உடாகா. மொத்தம் எட்டு."

"எதுக்கு எட்டு? ரெண்டு போதாதா?"

"ரெண்டு போட்டா பயந்து மூலையில ஒண்டிக்கும். நிறம் வெளுக்கும். தீனி எடுக்காது. இந்த ஜாதிக்கு ஆறுக்குக் குறையாம கூட்டம் வேணும். அதுவும் எல்லாம் ஒரே அளவா, ஒரே குணமா இருக்கணும். ஒண்ணோட வாய்க்குள்ள இன்னொண்ணு நுழையக் கூடாது."

"அடேயப்பா! என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு விசாரிக்கலையே."

இப்போதுதான் என் பிரம்மாஸ்திரம். "முக்கியமான விஷயம், எனிஃபா. ரொம்பக் கூச்சப்படுற மீன். இந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாது. ஒருத்தர் புரண்டு படுத்தாக்கூட மிரண்டு போய்க் கண்ணாடியில முட்டிக்கும்."

எனிஃபா தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "பாவம்" என்றாள். மீனைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எட்டும் சாம்பல் நிறம். வீட்டுக்கு வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டாமா? நீலமும் கறுப்பும் கோடு போட்ட ஒரு பாறை மீனையும் கொண்டு வந்து உள்ளே விட்டேன். பன்னிரண்டு வருஷமாக அந்த மீனை ஒரு பைக்கு ஒன்றாகப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பைக்குள் அதைப் போல ஒரு சாதுவை நீங்கள் பார்க்க முடியாது. ஏன் ஒரு பைக்கு ஒன்று என்று மட்டும் நான் யோசித்ததே இல்லை.

இரண்டே நாளில் தொட்டி அவன் ராஜ்ஜியமாகிவிட்டது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துரத்தினான். துடுப்பு கிழிந்து எட்டும் ஒரு மூலையில் அப்பிக்கொண்டு நின்றன. முன்னறையைக் காக்கக் கொண்டு வந்த மீன்கள்தான். ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் எட்டும் இருக்கிறதா என்று எண்ணாமல் எனக்குத் தேநீர் இறங்கவில்லை. "புது இடம், பழகுது" என்று எனிஃபாவிடம் சமாளித்தேன்.

அடுத்து வந்தது மின்வெட்டு. மதியம் கரண்ட் போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். நான் கொட்டகையில். எனிஃபா சந்தையில் மண்டாசிப் பலகாரம் விற்கிறாள். ஒரு நாள் தற்செயலாக வீட்டுக்கு வந்தவள், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்து, இரண்டு மணி நேரம் செம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறாள். நான் வந்ததும் கையை உதறிக்கொண்டு சொன்னாள்:

"மாமாவுக்கு ஆள் அனுப்பிட்டேன்."

"எதுக்கு? நமக்குள்ள சண்டையே இல்லையே!"

"நமக்கு இல்ல. மீனுக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தாய்மாமன், பெரியவர் சிங்வாலு வந்து இறங்கினார். முறைப்படி என் தரப்பில் என் மாமாவும் வந்தார். ஆனால் அவர் வாய் கோழிக்கு மட்டும்தான் திறந்தது. அந்தக் கோழியின் இரைப்பை வீட்டு ஆண்பிள்ளைக்கு உரியது. எனக்கு வர வேண்டியது. எனிஃபா அதை எடுத்துப் பெரியவர் தட்டில் வைத்தாள். தீர்ப்பு அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கை கழுவி முடித்ததும் பெரியவர் தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை, இந்த மீனு தனியா இருந்தா என்ன ஆகும்?"

"பயந்துடும், மாமா. தீனி எடுக்காது."

"கரண்ட் போனா?"

"யாராவது தண்ணியை மொண்டு ஊத்தணும்."

"மதியம் வீட்டுல யாரு இருக்கா?"

நான் என் மாமாவைப் பார்த்தேன். அவர் எலும்பைப் பார்த்தார்.

எனிஃபா இடுப்புத் துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். "உயிர் இல்லையா, மாமா? நம்மளை நம்பி வந்ததுங்க. இவரும் எவ்வளவு ஆசையாக் கொண்டு வந்தார்!"

"பிலிரானிக்குப் பத்து மணியோட வகுப்பு முடிஞ்சிடும். ஏரிக்கரையில பொறந்த பொண்ணு. அவ வந்து பாத்துக்கட்டும்" என்றார் பெரியவர்.

"ஆனா மாமா," என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தேன், "இந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாது. மீன் மிரளும்."

"நியாயம்தான். அவ உள்ரூம்ல அக்காவோட படுத்துக்குவா."

"அப்ப நான்?"

"மீனுக்கு உங்களைத்தான் நல்லாப் பழக்கமாச்சே. புரளாமப் படுங்க, மாப்பிள்ளை."

என் தரப்பு மாமா இதற்கு மட்டும் தலையாட்டினார்.

மறுநாள் சாயங்காலம் பிலிரானி தையல் மெஷினோடு வந்து இறங்கினாள். வாசலில் நின்றே தொட்டியைப் பார்த்தாள். "ஐயையோ, மச்சான்! எந்த மடையன் பாறை மீனைக் கொண்டு போய் உடாகாவோட போட்டான்?"

மடையன் வாளி எடுக்கப் போனான்.

ஒரு வலை, ஒரு வாளி. நீலக்கோடு போட்டவனைத் தூக்கி வாளியில் போட்டாள். சாப்பாடு முடிவதற்குள் எட்டும் மூலையை விட்டு வந்துவிட்டன. நடுத் தொட்டியில் சேர்ந்து நின்றன, சேர்ந்து திரும்பின. எனக்குக் கண்ணை எடுக்க மனசில்லை. அவ்வளவு அழகு.

"ஊருக்கெல்லாம் மீன் அனுப்புற ஆளு! வீட்டுக்குள்ள ஒரு ரவுடியை விட்டு வச்சிருக்கீங்களே, மச்சான்" என்றாள் பிலிரானி. சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு எங்கள் குழந்தை தமாண்டாவைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

நான் தொட்டிக்குக் கீழே பாயை விரித்தேன். எனிஃபா தலையணை கொண்டு வந்தாள்.

"பரவாயில்ல, எனிஃபா" என்றேன் பெருந்தன்மையாக. "மீன் இல்லாட்டியும் அவ இங்கதானே வந்து தங்கியிருப்பா."

"யாரு சொன்னா?"

"நீதானே சொன்னே, ஒரு வருஷம்னு!"

"படிப்பு ஒரு வருஷம்னு சொன்னேன். எங்க தங்குவான்னு நீங்க கேக்கவே இல்லையே. அவ ஹாஸ்டல்ல இடம் பிடிச்சிட்டா. நானும் கெஞ்சினேன், மாமாவும் சொல்லிப் பாத்தார். மச்சான் குறட்டையில தூங்க முடியாது, வரவே மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னா. மீன் இருக்குன்னதும்தான் இறங்கி வந்தா."

தலையணையைத் தட்டி என் தலைமாட்டில் வைத்தாள்.

"நல்லவேளை, நீங்க தொட்டி கொண்டு வந்தீங்க."