அலமாரி காலியாகிறது

"பாக்கெட்ல ஒரு பேனாகூட இருக்கக் கூடாது," என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் அலமாரி பதறி எழுந்தார். ஆபரேஷன் என்றபோதுகூட அப்படிப் பதறவில்லை.

அலமாரி என்பது பஸ் பணிமனையில் அவருக்கு விழுந்த பெயர். உதிரி பாகங்கள் வழங்கும் ஸ்டோர் அவர் பொறுப்பு. எப்போதும் நெஞ்சில் இரண்டு பெரிய பைகள் வைத்துத் தைத்த சட்டைதான் போடுவார். யார் யாரோ கொடுத்துவைத்த சாமான்கள் அவற்றில் பிதுங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பைகளுக்குப் பின்னால் இருப்பது பரம ரகசியம். பதினாலு வயதில் பெண்பிள்ளைக்கு வளர்வதுபோல் வளர்ந்து, நாற்பத்தொன்றிலும் போகாத மார்பு. மனைவிக்குத் தெரியும். பணிமனையில் கவனித்தவன் ஒரே ஒரு புது மெக்கானிக். பல வருஷம் முன்னால் ஒரு தடவை சிரித்தான், நல்லவேளையாக மாற்றலாகிப் போய்விட்டான்.

"ஆபத்து ஒண்ணும் இல்ல. நிறைய ஆம்பளைங்களுக்கு இருக்கு," என்றார் டாக்டர். "சங்கடமா இருந்தா எடுத்துடலாம், இல்லன்னா அப்படியே விட்டுடலாம். புதன்கிழமை இடம் இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் நாங்களே கூப்பிட்டுக் கேக்கறோம். அப்புறம் ஒண்ணரை மாசம் நெஞ்சுல எதுவும் அழுத்தக் கூடாது."

சிரிக்காமல் அதைப் பற்றிப் பேசிய டாக்டரை அலமாரிக்குக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

"உங்களுக்காகன்னா பண்ணிக்குங்க. எனக்காகன்னா வேண்டாம்," என்றாள் மனைவி. அவளையும் கும்பிட்டிருப்பார், அவள் திட்டுவாள் என்று விட்டுவிட்டார்.

அவருக்கு வேண்டும்தான். பயம் வேறு. திரும்பி வந்ததும் எவனாவது, "முன்னே இருந்தது எங்கே?" என்று கேட்டுவைத்தால், இருந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடுமே. அதனால் சத்தமில்லாமல் பைகளைக் காலி செய்து, காலிப் பையோடு நடமாடிப் பழக்கிவிட நினைத்தார்.

மறுநாள் காலை ஃபோர்மேனிடம் போனார். "அண்ணே, உங்க கண்ணாடிக் கூடு."

மூக்கில் கண்ணாடியோடு ஃபோர்மேன் நிமிர்ந்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும்யா. நான் தொலைச்சுடுவேன்." சொன்னதோடு நில்லாமல் ஒரு டைரியையும் சேர்த்துச் செருகினார்.

"உன் டெஸ்டர்," என்று எலக்ட்ரீஷியனிடம் நீட்டினார்.

"எனக்கு மறதி ஜாஸ்திண்ணே," என்றான் அவன். காதில் இன்னொரு டெஸ்டர் செருகியிருந்தது. போகும்போது ஒரு ஃபியூஸ் டப்பாவும் அலமாரியின் பைக்குள் போயிற்று. பெயிண்டரோ கலர் அட்டையைத் தொடக்கூட மறுத்துவிட்டான்.

"ஒண்ணரை மாசம் மாமனார் வீட்டுக்குப் போறேன்பா," என்று பொய் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப வழியில உதவும்," என்று எலக்ட்ரீஷியன் ஒரு டார்ச்சும் கொடுத்தான்.

டீ இடைவேளையில் அத்தனையையும் அவரவர் மேஜையில் வைத்துவிட்டு ஓடிவந்தார். அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராக வந்து, "மறந்து வச்சுட்டீங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். பை வெடிக்கும்போல் ஆனது. கீழ்த் தட்டிலிருந்து ஒரு பிரேக் லைனிங்கை எடுக்கக் குனிந்தார். சட்டைப் பித்தான் தெறித்து, டைரியைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்ற ஃபோர்மேனின் டீயில் விழுந்தது.

அலமாரி இரண்டு கைகளாலும் நெஞ்சை மூடிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. பெயிண்டர் தரையைப் பார்த்தான். எலக்ட்ரீஷியனுக்குத் திடீரென்று மின்விசிறியில் கோளாறு தெரிந்தது. ஃபோர்மேன் ஸ்பூனால் பித்தானை எடுத்துத் துடைத்து, "பாக்கெட்ல போட்டுக்குங்க," என்றார்.

எரிச்சலாக வந்தாலும் அவர்கள்மேல் கோபம் வரவில்லை. ஒன்பது வருஷமாக இந்த மறதிக்காரர்களைக் கொடுத்த கடவுளுக்கு அவர் தினமும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பவர். இவர்களுக்கு ஞாபகசக்தி இருந்திருந்தால் அவர் கதி என்ன?

சாயங்காலம் வரை கொடுத்துப் பார்க்காதது கேன்டீன் அக்காவின் சாவி ஒன்றுதான். முதன்முதலில் அவரிடம் வந்து சேர்ந்த சாமான் அதுதான். பூட்டிலேயே மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்று கேன்டீனுக்குள் நுழைந்து, சர்க்கரை அலமாரியில் போட்டுப் பார்த்தார். சேரவில்லை. பிஸ்கட் பெட்டி, ஷட்டர், வாசலில் நின்ற சைக்கிள், எதற்கும் சேரவில்லை. அப்போது பார்த்து ஃபோன் அடித்தது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறோம். புதன்கிழமை வர்றீங்களா?"

"ஒரு நிமிஷங்க," என்று ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, உள்ளே தம்ளர் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போனார். அலமாரிக்கு இனிச் சொல்ல ஒரு பொய்யும் மிச்சமில்லை. "அக்கா, நீங்களாவது உங்க சாவியை வாங்கிக்குங்க. எனக்கு நெஞ்சுல ஒரு சின்ன ஆபரேஷன். பாக்கெட் காலியா இருக்கணும்."

அக்கா டீத் தம்ளரைக் கீழே வைத்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய், "எல்லாரும் வந்து அவங்கவங்க சாமானை எடுத்துக்கிட்டுப் போங்க," என்று குரல் கொடுத்தார்.

காலையிலிருந்து தொட மறுத்தவர்கள் வரிசையில் வந்து, ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஃபோர்மேன் மட்டும் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"வர்றேங்க," என்று ஃபோனில் சொன்னார் அலமாரி. காலிப் பைகளோடு நிற்பது விநோதமாக இருந்தது. "ஆமா, அது எந்தப் பூட்டோட சாவிக்கா?"

"பூட்டே கிடையாது தம்பி. அந்தப் புது மெக்கானிக் சிரிச்ச அன்னைக்கு நீங்க ரெண்டு கையாலயும் நெஞ்சை மறைச்சுக்கிட்டு நின்னீங்க, உங்க பாக்கெட்ல போட எனக்குக் கிடைச்சது அதுதான்; மறுநாள்லேர்ந்து ஆளுக்கு ஒண்ணா மத்ததை இவங்க கொண்டுவந்தாங்க."